வலி சொல்வதைக் கேட்கும் கை

பத்தாங் காலியிலிருந்து உலு யாம், செரண்டா, ரசா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களே கண்ணில் படும். இன்று அந்த நிலங்களில் பல செம்பனைக் காடாகவும், வீடமைப்புப் பகுதியாகவும், தொழிற்சாலையாகவும் மாறிவிட்டன. ஆனால், அங்கே உழைத்தவர்களின் தோளிலும் முதுகிலும் முழங்காலிலும் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. அறுபது வயதைத் தாண்டிய முன்னாள் தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் நலம் விசாரித்தால், பேச்சு பெரும்பாலும் இடுப்பு வலியில்தான் தொடங்கும்.

மரம் சீவும் வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். விடிவதற்கு முன்பே நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைய வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். ஒருவர் பங்குக்கு ஏறக்குறைய 500 மரங்கள். வெட்டு கீழே இருந்தால் குனிய வேண்டும். மேலே இருந்தால் அண்ணாந்து, கையை உயர்த்திச் சீவ வேண்டும். அதே கை, அதே மணிக்கட்டு, அதே திருப்பம், நாள்தோறும் 500 முறை. பிறகு பாலைச் சேகரித்து, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து நடக்க வேண்டும். செம்பனையில் சுமை வேறு விதம். நீண்ட கழியின் முனையில் உள்ள அரிவாளால் குலையை அறுத்து இறக்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள குலைகளைத் தூக்கி ஏற்ற வேண்டும்.

இப்படி உழைக்கும் உடல் முதலில் மெல்லத்தான் முறையிடும். காலையில் எழும்போது விரல்கள் மடங்க மறுக்கும். கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. மூச்சை இழுக்கும்போது விலாவில் ‘சுருக்’கென்று பிடிக்கும். தோட்டத்து டிரெசரிடம் போனால் மாத்திரை கிடைக்கும். அதை விழுங்கிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடலாம். மாத்திரை வலியை அடக்கிவிடும். ஆனால், வலி எதைச் சொல்ல வந்தது என்பதை அது கேட்பதில்லை.

அதைக் கேட்டவர்கள் வேறு சிலர். பல தோட்டங்களில் சுளுக்கு எடுக்கத் தெரிந்த ஒருவராவது இருந்தார். எங்கோ ஒரு லயத்தில் வசிக்கும் பாட்டி. அல்லது சிலம்பம் கற்றுத் தந்த பெரியவர். சில குடும்பங்கள் அருகிலிருந்த மலாய்க் கம்பத்துப் பீடானைத் தேடிப் போயின. பிள்ளை பெற்ற தாய்க்கு அவரே உடம்பு பிடித்துவிடுவார்; மொழி வேறாக இருந்தாலும், எங்கே வலிக்கிறது என்பதைக் கையே கண்டுபிடித்துவிடும். நல்லெண்ணெயைக் காய்ச்சி, சிறிது கற்பூரம் சேர்த்து, இளஞ்சூட்டில் தொட்டு நீவுவார்கள். நீவத் தொடங்குவதற்கு முன் கேள்விகள் வரும். எப்போதிலிருந்து வலி? எதைத் தூக்கினாய்? இரவில் வலிக்கிறதா, நடக்கும்போது மட்டும்தானா? கேள்வி கேட்டுக்கொண்டே விரல் நுனியால் தசையைத் தடவிப் பார்ப்பார்கள். இறுகிய இடம் எது, வீங்கிய இடம் எது, சூடாக இருக்கும் இடம் எது என்று அந்த விரல் பிரித்தறியும். சித்த மருத்துவத்தில் இக்கலைக்குத் தொக்கணம் என்று பெயர். அழுத்தல், இழுத்தல், பிடித்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைகள் அதில் கூறப்படுகின்றன. தோட்டத்துப் பாட்டிக்கு அந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இவையெல்லாம் வெறும் நம்பிக்கைதானே என்று கேட்பவர்கள் உண்டு. முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டவர் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறார்; வலி சற்றுக் குறைகிறது. ஏன்? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். தொடு உணர்வு நரம்புகளின் வழியே வரும் செய்தி, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே ஓரளவு தடுத்துவிடும் என்றனர். 2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடுமையாக உடற்பயிற்சி செய்த 11 இளைஞர்களுக்கு ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரண்டு கால்களின் தசைத் துணுக்குகளையும் சோதித்தனர். பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. பதினொரு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும், அதே ஆய்வு பரவலான ஒரு நம்பிக்கையையும் உடைத்தது: பிடித்துவிடுவதால் தசையில் தேங்கும் லாக்டிக் அமிலம் வெளியேறிவிடும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ‘உடலிலுள்ள நச்செல்லாம் இறங்கிவிடும்’ என்று விளம்பரப் பலகை வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

உண்மையில் காயத்தை ஆற்றுவது உடல்தான். வீக்கம், சூடு, சிவப்பு, வலி ஆகியவை அந்தப் பழுதுபார்ப்பு நடப்பதன் அடையாளங்கள். பிடித்துவிடும் கை அந்த வேலைக்குத் துணை நிற்கலாம்; இறுகிய தசையைத் தளர்த்தலாம்; நல்ல உறக்கத்தைத் தரலாம். அவசரப்பட்டால் அதே கை கெடுக்கவும் செய்யும். கணுக்கால் பிசகி வீங்கிய அன்றே அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இங்குதான் நல்ல கை எது, மோசமான கை எது என்ற வேறுபாடு தெரிகிறது. ஒரு சிறுவன் வயிற்று வலியால் துடிக்கிறான். ‘குடல் ஏறிவிட்டது’ என்று வயிற்றைப் பிசைபவர் ஒருவர். வலி தொப்புளிலிருந்து வலப்பக்கக் கீழ்வயிற்றுக்கு நகர்ந்திருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டு, ‘இதில் கை வைக்க மாட்டேன், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்’ என்பவர் மற்றொருவர். அது குடல்வால் அழற்சியாக இருந்தால், முதலாமவர் வீணாக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு விளையாடுவதாகும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சூடாக இருந்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். பிசைந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். இடத்தோள் வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால், அது தோளின் சிக்கலாக இல்லாமல் இதயத்தின் கூக்குரலாக இருக்கலாம். மறுக்கத் தெரிந்த கையே நம்பத்தக்க கை.

வலியைவிடக் கவலை தருவது வலியின்மை. 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே இந்நோய் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதும் தெரிந்ததே. நீண்ட கால நீரிழிவு பாதத்து நரம்புகளை ஊமையாக்கிவிடும். முள் குத்தினாலும் தெரியாது. சுடுநீர் பட்டாலும் உறைக்காது. அந்த நிலையிலுள்ள பெரியவர், ‘கால் மரத்துப்போகிறது, பிடித்துவிடு’ என்று பேரனிடம் காலை நீட்டுகிறார். அவர் காலை அன்போடு தொடும் பேரன், விரல் இடுக்கையும் குதிகாலையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டால் போதும். உடல் சொல்ல மறந்த புண்ணை அவன் கண் சொல்லிவிடும். அதற்குப் பின் அந்தக் காலுக்குத் தேவைப்படுவது எண்ணெயைவிட மருத்துவரே.

அரசாங்கமும் இந்தக் கலையை ஒதுக்கிவிடவில்லை. 2007-இல் பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்குப் பிந்திய சிகிச்சைக்கும் அங்கே மலாய்ப் பாரம்பரிய உடல்பிடிப்பு வழங்கப்பட்டது. பின்னர் வேறு பல அரசு மருத்துவமனைகளிலும் இத்தகைய பிரிவுகள் அமைந்தன. 2016-இல் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டமும் வந்தது. பாரம்பரிய இந்திய மருத்துவம் அதில் தனித் துறையாக ஏற்கப்பட்டுள்ளது. இது நல்ல ஏற்பாடு. மருத்துவரும் பிடித்துவிடுபவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், ஒருவர் தவறவிட்டதை மற்றவர் காணலாம். ஆனால், தோட்டத்துப் பாட்டிகளின் கைப்பக்குவம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயங்கள் கலைந்தன. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. பாட்டியிடம் அமர்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய பேத்தி, ரவாங் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறாள். விற்பனைக்கு வரும் நாற்காலி இயந்திரம் முதுகை அதிர வைக்கும். ‘எப்போதிலிருந்து வலி?’ என்று கேட்க அதற்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடல் சொல்வதைக் கேள் என்று அறிவுரை கூறுவது எளிது. நாள் கூலிக்கு உழைப்பவர் அதைக் கேட்பது எளிதன்று. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லையென்றால், தோள்வலியை யார்தான் மதிப்பார்? தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டு நெடுங்காலம் போராடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஓய்வெடுக்க வழி இல்லாதவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது, பழுதான வண்டியைத் துடைத்து மீண்டும் சாலையில் ஓட்டுவது போலாகிவிடும்.

ரப்பர் காட்டில் அந்த ஓய்வை மழைதான் கொடுத்தது. இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால், பால் வழி தவறி மரமெங்கும் வழிந்துவிடும். அதனால் சீவ முடியாது. கூலி போயிற்றே என்ற கவலையோடு லயத்துக்குத் திரும்புவார்கள். அத்தகைய காலை வேளைகளில்தான் பாட்டியின் வீட்டுத் திண்ணையில் கூட்டம் சேரும். அடுப்பில் எண்ணெய் காயும். ஒருவர் பின் ஒருவராக முதுகைக் காட்டி அமர்வார்கள்.