கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள்



பங்குனி பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் விடியும் முன்பே குயில் தொடங்கிவிடுகிறது. கூவுவது ஆண். உடம்பெல்லாம் புள்ளியோடு, ‘கிக் கிக்’ என்று கத்திக்கொண்டு கிளைக்குக் கிளை தாவுகிறதே, அது பெட்டை. காக்கை கூடு கட்டும் மும்முரத்தில் இருக்க, தன் முட்டையை எங்கே இடலாம் என்று இது வேவு பார்த்துக்கொண்டிருக்கும். நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு நடக்கப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றால் இந்த நாடகத்தில் ஒரு காட்சியாவது கிடைக்கும்.

ஊருக்குக் கிளம்பும் பறவைகளின் பரபரப்பும் இப்போதுதான். குளிர்காலத்தைக் கிண்டியிலும் அடையாற்றிலும் கழித்த மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் வடக்கே திரும்புகின்றன. இமயமலை அடிவாரம்வரை போகிற ஆறுமணிக் குருவி வழியில் நம் தோட்டங்களில் இறங்கி இளைப்பாறும். சருகைக் கிளறிப் பூச்சி பிடிக்கும் பறவை அது. பெருக்கித் துடைத்த சிமென்ட் முற்றத்தில் அதற்கு என்ன வேலை? உங்கள் வீட்டில் மரத்தடி மூலை ஒன்று இருந்தால் ஏப்ரல் முடியும்வரை அதைக் கூட்டாமல் விடுங்கள்.

கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரு.வி.க. பாலத்திலிருந்து பார்த்தால் அடையாற்று முகத்துவாரம் கிழக்கே இருக்கிறது. காலையில் போனால் சூரியன் நேரே லென்ஸில் விழும். பறவைகள் வெறும் கறுப்பு உருவங்களாகப் பதியும். வெயில் முதுகுப் பக்கம் வந்த பிறகு, மாலையில் போங்கள். கடல்நீர் இறங்கிச் சேறு தெரியும் நேரமாக அமைந்தால் நெடுங்கால் உள்ளான்கள் இரை தேடுவதை நிதானமாகப் பார்க்கலாம்.

பறவைப் படம் என்றதும் எனக்கு மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்துவிடுவார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மயிலாப்பூரில், இன்று ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தவர். 1950இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் மறையும்வரை எழுதினார். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். யானைக் கூட்டத்தைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டைச் சுற்றித் திரிந்த காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். அவர் எழுத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதுதான்.

கடந்த மாதம் நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்று, தி. நகர் மொட்டைமாடியில் கம்பியில் தொங்கிய தேன்சிட்டுக் கூடு. குஞ்சுகள் வாயைப் பிளந்து நிற்கின்றன. அழகான படம்; ஆனாலும் வெளியிடவில்லை. இனிமேலும் கூட்டுப் படங்களை இந்த இதழில் வெளியிடுவதாக இல்லை. நாம் பக்கத்தில் நிற்கும்வரை தாய் கூட்டுக்கு வராது. அந்த நேரத்தில் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். சித்திரை வெயிலும் அவற்றின் மேல் நேராக இறங்கும். படத்துக்கு இடைஞ்சல் என்று ஒரு சிறு கிளையை ஒதுக்கினால், கூட்டுக்கு இருந்த மறைப்பு போய்விடுகிறது. நாம் எதை உற்றுப் பார்க்கிறோம் என்பதை மதில்மேல் இருக்கும் காக்கையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே வகைத் தொல்லைதான். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நம்பி, கூடு கட்டும் வேலையை விட்டுவிட்டு அது அலைகிறது.

மற்றபடி எந்தப் பறவையின் படமானாலும் அனுப்புங்கள். அரிய பறவையாக இருக்க வேண்டியதில்லை. கபாலீசுவரர் கோயில் குளத்துப் படியில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம் போதும். எந்த இடம், எத்தனை மணி, அப்போது அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அடுத்த இதழில் சேர்ந்து கண்டுபிடிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்