நீலம் போனா நீலமேதான்!

அப்பாவோட கார்ல செல்போன் சார்ஜர் பாயின்ட் திடீர்னு படுத்துடுச்சா? முதல்ல ஃப்யூஸைப் பாருங்க பாஸ். பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டு ஓரமா ஒரு சின்ன மூடி இருக்கும். எது எதுக்கான ஃப்யூஸ்னு மேனுவல்ல படம் இருக்கு. சாவியை எடுத்துட்டு, ஃப்யூஸை நேரா இழுங்க. நடுக்கம்பி அறுந்திருந்தா அதான் வில்லன்.

சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. 'பச்சையைப் போடு மச்சி, போகவே போகாது'ன்னு ஹாஸ்டல்ல ஒரு மேதாவி சொல்வான். ஃப்யூஸ் போகாதுதான். பதிலா உள்ளே ஒயர் உருகும், கார் பத்திக்கவும் செய்யும். சிகரெட் அட்டை சில்வர் பேப்பரைச் சுத்துறதும் இதே கூத்துதான்.

புதுசும் உடனே புட்டுக்கிச்சா? ஃப்யூஸைக் கழட்டிட்டு சார்ஜர் குழிக்குள்ள டார்ச் அடிங்க, சில்லறைக் காசு கிடக்கலாம். இல்லேன்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க.