பட்டாளத்துப் பாட்டனாரின் படங்கள்

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பட்டாளத்திற்கு ஆள் அனுப்பிய முஸ்லிம் வீடுகள் உண்டு. அந்த முதியவர் மறைந்ததும் அவருடைய சீருடைப் படங்களை, 'உருவப்படம் கூடாது' என்று கூறிச் சிலர் எரித்துவிடுகிறார்கள்.

இதில் அவசரம் தகாது. கையால் வரையும் உருவத்திற்கான தடை ஒளிப்படத்திற்கும் பொருந்துமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத், அது நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று கூறி அனுமதித்தார். தேவ்பந்த் உலமாக்கள் பலர் அதை ஏற்கவில்லை. சுவரில் மாட்ட வேண்டாம் என்றால் நானும் உடன்படுகிறேன். உறையிலிட்டுப் பெட்டியில் வைத்திருப்பதை ஏன் அழிக்க வேண்டும்?

1965 செப்டம்பரில் கேம்கரன் களத்தில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்தவர் ஹவில்தார் அப்துல் ஹமீது. அவருக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. 2000-இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையும் வெளிவந்தது. நம் பாட்டனாருக்கு அஞ்சல்தலை இல்லை. 'உங்களவர் நாட்டுக்கு என்ன செய்தார்கள்?' என்று பள்ளியில் கேட்கப்படும் பேரனுக்குக் காட்ட அந்த ஒரு படம்தான் உண்டு.

பாட்டி ஹயாத்தோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்: படைப்பிரிவு, ஊர், ஆண்டு, அருகில் நிற்பவர் யார், விடுப்பில் வந்து எடுத்த குடும்பப் படத்தில் மடியிலிருக்கும் குழந்தை யார்.