ஆற்றிடைக்குறை

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதியைத் தீவு என்பர். அந்நீர் ஆற்றுநீராயின், அந்நிலத்தை ஆற்றிடைக்குறை என்றும், அரங்கம் என்றும், துருத்தி என்றும் தமிழ் முன்னோர் வழங்கினர். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கம் இதற்குத் தக்க சான்றாகும். அத்தகைய சிறு நிலம் ஒன்று சென்னை மாநகரின் தென்பகுதியிலும் உண்டு. மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாற்றின் கழிமுகத்தில் அமைந்த குயிபிள் தீவே அது.

அடையாறு, செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீரைத் தாங்கி, 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வங்கக் கடலை அடைகிறது. கடலை நெருங்குமிடத்தில் அதன் வடகரையினின்றும் ஓர் ஓடை பிரிந்து, குதிரை இலாடம்போல் வளைந்து செல்கிறது. ஆறும் ஓடையும் தழுவி நிற்கும் நிலமே இத்தீவு. ஆற்றின் தென்கரையில், 1882ஆம் ஆண்டு முதல் பிரம்மஞான சபைக்கு உரியதாய் விளங்கும் சோலை உள்ளது. அச்சோலையின் பேராலமரத்தின் தாய்மரம் 1989இல் காற்றில் சாய்ந்த பின்னரும், விழுதுகள் வேரூன்றி நிற்கின்றன. வடகரையில் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பெற்றுச் சீரழிந்து கிடந்த ஓடைப்பகுதியில் 58 ஏக்கர் பரப்புத் திருத்தப்பெற்று, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பெற்றது.

நகரம் பெருகுகின்றது, குடியிருக்க நிலம் வேண்டும், பயனற்ற சேற்று நிலத்தைத் தூர்த்தால் என்ன என்று வினவுவாரும் உளர். குடியிருப்பு வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின், சேற்று நிலம் பயனற்றது என்னும் கருத்துப் பிழையுடையது. வெள்ளக் காலத்தில் ஆற்றுநீர் பரந்து நிற்பதற்கும், நாள்தோறும் கடல் ஓதம் ஏறி இறங்குவதற்கும் அதுவே இடமாகும். நீரின் இடத்தை மனிதர் பறித்தால், மனிதரின் இடத்தை நீர் தேடி வரும். 2015 டிசம்பரில் அடையாறு கரைகடந்து சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் புகுந்ததை அந்நகரத்தார் மறவார். கரையோரக் கண்டல் மரங்களின் பயனும் சிறிதன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை எழுந்தபோது, பிச்சாவரத்துக் கண்டற்காடு தன் பின்னிருந்த சிற்றூர்களின்மேல் அவ்வலையின் வேகம் முழுதும் பாயாதவாறு தணித்தது.

எனினும், மரம் நடுதல் ஒன்றே போதாது. கோடையில் ஆற்றின் ஓட்டம் குன்றும்போது, மணல் திரண்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. அப்போது ஓதம் உட்புகாது, கழிவுநீரே தேங்கும். அந்நீரில் மீன் வாழாது. மீன் இல்லாவிடத்தில் நாரையும் கொக்கும் தங்கா. ஆதலின், கழிவுநீர் கலவாமல் தடுத்தலும், முகத்துவாரம் அடைபடாமல் பேணுதலும், ஓடையின் பரப்புக் குறையாமல் காத்தலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று தவறினும் ஏனைய இரண்டும் பயன் தாரா.

தீவுக்கு மரம் அணி, நீரோ உயிர். சூழ்ந்த நீர் அகன்றால், தீவு என்னும் பெயர் மட்டுமே எஞ்சும், பொருள் மறைந்தொழியும். மாநகரத்தார் இன்று அவ்வோடைக்கு விட்டுவைக்கும் இடமே, நாளை வெள்ளம் அவர்தம் மனைகளுக்கு விட்டுவைக்கும் இடமாகும்.