கரை தெரிந்தும் கரை சேராதவர்கள்

பயணம் என்பது வெறும் வேடிக்கையன்று. படிப்பினை பெறும் வாய்ப்புமாகும். இம்மாதம் வாசக நேயர்களை ஸ்காட்லாந்தின் வடமேற்கே, லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே துறைமுக நகருக்கு அழைத்துச் செல்கிறோம்.

அல்லப்பூல் துறையில் கப்பலேறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். மீன்பிடிப் படகுகளுக்கிடையே கடல்நாய்கள் தலைநீட்டி நம்மை வரவேற்கும். எதிரே ஓங்கி நிற்கும் மாளிகை, 1844-இல் இத்தீவையே விலைக்கு வாங்கிய ஜேம்ஸ் மாத்திசன் கட்டியது. சீனத்தில் நடத்திய அபினி வாணிகத்தில் திரண்ட செல்வம் அது! எனினும் இவ்வூரின் வரலாறு மாளிகையில் இல்லை, கடலில் இருக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்து, தீவின் கடற்படை வீரர்கள் 1918 டிசம்பர் 31 இரவு 'யோலெர்' என்னும் கப்பலில் வீடு திரும்பினர். பிள்ளைகளுக்கென வாங்கிய விளையாட்டுப் பொருள்கள் அவர்களின் மூட்டைகளில் இருந்தன. வீடுகளில் அடுப்பு மூட்டி, உணவு சமைத்து, தாய்மாரும் மனைவியரும் காத்திருந்தனர். புத்தாண்டு பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. துறைமுகத்தின் வாசலிலேயே கப்பல் பாறையில் மோதிற்று. கப்பலில் இருந்தோர் சுமார் 280 பேர். அவர்களுள் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் மாக்லவுட் என்ற வீரர் கயிற்றுடன் நீந்திக் கரையேறியதால் சுமார் 40 பேர் உயிர் பிழைத்தனர்.

நான்காண்டுப் போரில் பிழைத்தவர்கள், சொந்த ஊரின் கரையருகே உயிரிழந்தார்கள். துயரம் தாளாத அம்மக்கள் பல்லாண்டுகள் அதைப்பற்றி வாய் திறந்து பேசவுமில்லை. 1958-இல்தான் அங்கே நினைவுத்தூண் எழுந்தது.

இந்நகரில் நமக்கு மகிழ்வூட்டும் செய்தியும் ஒன்றுண்டு. பல பத்தாண்டுகளாக இங்கு வாழும் சிறு எண்ணிக்கையிலான முஸ்லிம் குடும்பத்தினர் வீடுகளிலேயே தொழுது வந்தனர். பாழடைந்து கிடந்த ஒரு கட்டடம், பலரும் அனுப்பிய நன்கொடையால் சீரமைக்கப்பட்டு, 2018 மே மாதம், ரமலானுக்குச் சில நாட்கள் முன்னர், பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டது. கோடையில் பகலே ஏறத்தாழ 18 மணி நேரம் நீளும் ஊர் இது. நோன்போ அதனினும் நீண்டது. அத்தகைய நோன்பை அங்குள்ள நம் சகோதரர்கள் முதன்முறையாக ஒரே கூரையின்கீழ் கூடித் திறந்தார்கள்.

கரை தெரிவது வேறு. கரை சேர்வது வேறு. வெளியூர் சென்ற மகன் வாசலில் வந்து நின்று ஸலாம் சொல்லும்போது, அதனை அன்றாட நிகழ்வென எண்ணாதீர்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அவனை உள்ளே அழையுங்கள்.