கோட்டுக்கு வெளியே நிற்பவர்

நிந்தவூரிலே ஓர் உதைபந்தாட்டம் மத்தியஸ்தரின் கடைசி ஊதலோடு முடிந்துவிடுவதில்லை. வீரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறி, மஃரிப் தொழுகையும் முடிந்து, தேநீர்க் கடை வாங்குகளிலே சனங்கள் வந்தமர்ந்ததும் அதே ஆட்டம் இரண்டாந் தடவை ஆடப்படும். இம்முறை பந்து கிடையாது, வாய்ச்சொல் மட்டுமே. முதலாவது ஆட்டத்திற்குப் பதினொருவருக்குப் பதினொருவர் என்றொரு கணக்காவது உண்டு. இரண்டாவதற்கு அந்தக் கணக்கும் இல்லை.

தோற்ற ஆட்டமாயின் விவாதம் இஷா வரை நீளும். தோற்றவர்கள் பாடசாலைப் பிள்ளைகளாயின் அதற்கப்பாலும் நீளும். ஏனெனில், வாங்கிலே இருப்பவர் ஒவ்வொருவருக்கும் அப்பாடசாலையில் ஒரு மகனோ மருமகனோ இருப்பான். அல்லது தாம் முழங்காற் போட்டு நின்ற பழைய வகுப்பறையாவது இருக்கும்.

"அவனத் தொடக்கத்திலேயே எறக்கியிருந்தா கப் நம்மட ஊருக்குத்தான் காக்கா" என்பார் ஒருவர்.

"பயிற்சிக்கு வராதவன எறக்கினா, நாளாந்தம் வந்து வெயில்ல காஞ்ச பொடியனுகள் என்ன மடையனுகளா?" என்று கேட்பார் மற்றவர்.

"அது கிடக்கட்டும். கடல் காத்து மூஞ்சில அடிக்கக்குள்ள பந்த உசத்தி உசத்தி அடிக்கச் சொன்ன ஆள் ஆரு? அத முதல்ல செல்லுங்க" என்று இடையிலே புகுவார் மூன்றாமவர்.

பயிற்றுநர்களைப் பற்றி உலகெங்கும் நடைபெறும் வழக்கு முழுவதும் இம்மூவர் பேச்சில் அடங்கிவிட்டதென்று நாம் கருதுகின்றோம். கட்டுப்பாட்டை மீறிய கெட்டிக்காரனை என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. எந்த வேளையில் எந்த ஆட்டத்தை ஆடுவது, அதைத் தீர்மானிப்பவர் கோட்டுக்கு வெளியே நிற்பவரா, பந்தைக் காலிலே வைத்திருப்பவனா என்பது மற்றையது. இரண்டும் வெவ்வேறு சங்கதிகள். ஆனால், வாங்கிலே இருப்பவர்களுக்கு அவை ஒன்றாகவே தோன்றும். வெற்றி கிட்டினால் கட்டளையை மீறியவனுக்குச் "சமயோசித புத்தி" என்று பெயர். தோல்வி கிட்டினால் அவனுக்கே "தறுதலை" என்று பெயர். பந்து கம்பத்திற்கு இரண்டங்குலம் உள்ளே போனதா வெளியே போனதா என்பதைப் பார்த்து ஒழுக்கத்தை அளக்கும் இந்த முழக்கோல் எமக்கு எக்காலத்தும் உவப்பானதன்று.

இவ்விவாதம் பெருஞ் சமயம் போல் வளர்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரிகளில் ஆடப்படும் "புட்போல்" நமது உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலே ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் முக்கியம். பத்து யார் முன்னேறுவதற்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும். அந்த இடைவெளியிலே, அடுத்து யார் எங்கே ஓடவேண்டும், பந்து யாருக்குப் போகவேண்டுமென்று கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநர் கட்டளை அனுப்புவார். 2024ஆம் ஆண்டு முதல் அங்குள்ள முதற்றரக் கல்லூரி அணிகளில் வீரனின் தலைக்கவசத்துக்குள்ளேயே வானொலிக் கருவி வைத்துப் பயிற்றுநர் நேராகக் காதிற் பேசவும் இடமளிக்கப்பட்டுள்ளது. ஆகவே தோற்றால் அங்கே பழிபோட ஆள் தேடவேண்டியதில்லை.

அந்நாட்டிலே போல் பிரையன்ற் என்றொரு பயிற்றுநர் இருந்தார். 1954ஆம் ஆண்டு ரெக்சாஸ் மாநிலத்தில், கோடை வெயிலிலே, தமது மாணவர்களை ஒரு வரண்ட பிரதேசத்துக்குக் கொண்டுபோய், தண்ணீருங் கொடாமல் பயிற்றினார். பலர் இரவோடிரவாக ஓடிப்போயினர். எஞ்சியவர்களைக் கொண்டு அப்பருவத்தில் அவர் வென்றது ஓர் ஆட்டம், தோற்றது ஒன்பது. தண்ணீர் கொடாமை வெற்றி தரும் என்று நம்புவோர் இக்கணக்கைக் கவனிப்பாராக.

அதே மனிதர் 1963இல் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் செய்த காரியம் வேறு விதமானது. ஜோ நமாத் என்பவன் அவ்வணியின் தலைசிறந்த வீரன்; கட்டளைகளைக் களத்திலே நடத்தி வைப்பவனும் அவனே. அவன் பயிற்சிக் கால விதியொன்றை மீறினான். பருவத்தின் இறுதி ஆட்டமும், அதற்குப் பின் 1964 ஜனவரி முதலாந் திகதி நடைபெறவிருந்த பெரும் போட்டியும் எஞ்சியிருந்தன. பிரையன்ற் அவனை இரண்டிலுமிருந்து நீக்கினார். தேநீர்க் கடை வாங்கு அமெரிக்காவிலும் உண்டல்லவா? மாநிலமே கொதித்தது. ஆயினும் அவன் இன்றியே இரண்டும் வெல்லப்பட்டன. புத்தாண்டுப் போட்டியில் 12-7 என்ற கணக்கு. அடுத்த பருவத்தில் அவனை மீண்டும் அதே இடத்தில் வைத்தார் பிரையன்ற். அவ்வாண்டு அலபாமா தேசிய சம்பியனாக அறிவிக்கப்பட்டது. வென்றதனால் அவர் செய்தது சரியென்று நாம் சொல்ல வரவில்லை; அது நாம் மேலே கண்டித்த முழக்கோல். தண்டனைக்கு ஓர் எல்லை இருந்தது, எல்லை கடந்ததும் கதவு திறந்தது என்பதே நம் கருத்தைக் கவர்ந்தது.

நமக்கு அணித்தான உதாரணம் ஹைதராபாத்தில் இருக்கின்றது. செய்யித் அப்துல் ரஹீம் ஒரு பாடசாலை உபாத்தியாயர். "ரஹீம் சாஹிப்" என்றே அவரை அழைப்பர். ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது அவர் பயிற்சியிலேதான். 1951இல் புதுடில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கப் பதக்கங்களையும், 1956 மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும் ஈட்டித் தந்தவர் அவர். அண்மையில், 2024இல், "மைதான்" என்ற ஹிந்திப் படம் அவர் கதையைச் சொல்லிற்று.

ரஹீம் சாஹிபிடத்து நம்மை வியக்கவைப்பது பதக்கமன்று. ஒழுங்கையும் வியூகத்தையும் அவர் ஒன்றாகப் பின்னிய விதம். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நால்வரை ஏய்த்து வித்தை காட்டும் ஆசை நம் பிள்ளைகளுக்குப் போலவே அவர்களுக்கும் இருந்தது. அதற்கு அவர் பிரம்பெடுக்கவில்லை. ஏய்த்து ஓடுவதே கூடாது, பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியோடு தனிப் போட்டிகளை நடத்தினார். பலவீனமான காலால் மட்டுமே ஆடவேண்டிய போட்டிகளையும் வைத்தார். தண்டனையாகத் தோன்றவேண்டியது விளையாட்டாயிற்று. பையன்கள் சிரித்துக்கொண்டே கட்டுப்பட்டனர். இதனைவிடச் சிறந்த உபாத்தியாயத் தொழில் எதுவென்று நாம் அறியோம்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், வெறுங்காலோடு பலர் ஆடிய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. பயிற்றுநர் வேறொருவராயிருந்தால் பிள்ளைகளுக்கு ரோஷமில்லை என்று ஏசியிருப்பார். இவரோ வியூகத்தை மாற்றினார், சப்பாத்தும் கட்டாயமாயிற்று.

ஜகார்த்தாவிலே 1962இல் நடந்தது இன்னும் சுவையானது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பின்னர் தாய்லாந்துடனான ஆட்டத்தில், பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போடப்பட்டது. காயத்தோடு பின்னே நின்று பந்துகளைத் தலையால் மறிப்பது அபாயம். ரஹீம் சாஹிப் அவரை முன்களத்தின் நடுவிலே கொண்டுபோய் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே தென்கொரியா. சபையினர் ஏறக்குறைய முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். பி. கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. 2-1 என்று வெற்றி. அப்பொழுதே புற்றுநோய் பீடித்திருந்த பயிற்றுநர் 1963 ஜூனில் மறைந்தார்.

அந்த வீரரை முன்னே நிறுத்திய கட்டளை வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால், எந்தக் கணத்தில் எத்திசை திரும்புவது என்று ஜர்னைல் சிங்கின் காதிலே ஓதுவதற்கு அங்கே வானொலி இருக்கவில்லை. நமது ஆட்டத்தின் இயல்பு அது. ஊதல் ஊதியதும் பயிற்றுநரின் குரல் காற்றிலே கரைந்துவிடும். கோட்டோரத்தில் ஓடி ஓடி "அங்கே கொடு, இங்கே அடி" என்று தொண்டை வரளக் கத்துகின்றவர், வாரம் முழுவதுஞ் சொல்லிக்கொடுக்காததை அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லப் பார்க்கின்றார். பாவம், அவர் பக்கத்தில் நிற்கும் ஐம்பது பேரும் அதே வேலையைத்தான் செய்கின்றனர்! யார் சொல்லைக் கேட்பதென்று தெரியாது பையன் பந்தை வெளியே அடித்துவிடுகின்றான்.

நிற்க. நம் ஊர்ப் பக்கத்தில் பாடசாலைப் பயிற்றுநர் எனப்படுபவர் யார்? பெரும்பாலும் ஓர் ஆசிரியர். காலையிலே பாடம், மாலையிலே மைதானம். கல்முனை வலயப் போட்டி, அதற்குமேல் மாகாணம், அதற்கும் மேல் தேசிய மட்டம் என்ற ஏணியிலே பிள்ளைகளை ஏற்றவேண்டிய பொறுப்பு அவருடையது. அது வெறும் கிண்ணத்துக்கான ஏணியன்று. தேசிய மட்டத்திற் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியிலே விசேட ஏற்பாடு உண்டு. ஆகவே ஒரு பையனை ஓர் ஆட்டத்திலிருந்து நிறுத்துவதென்றால், சிலவேளை அவனுடைய எதிர்காலத்தின் ஒரு படியையே எடுத்துவிடுவதாகும். அவனை இறக்கினாலோ, நாள் தவறாது வந்த இன்னொருவனின் படி போய்விடும். வாங்கிலே இருந்து பேசுவோர்க்கு இந்தப் பாரம் இல்லை.

இனி, அந்தப் பையன் ஏன் பயிற்சிக்கு வரவில்லை? இதை விசாரிப்பவர்கள் குறைவு. படம் பார்க்கப் போனவனும் உண்டு. ரியூசன் வகுப்புக்கு ஓடியவனும் உண்டு. வாப்பாவோடு கரைவலைக் கயிறு பிடிக்கப் போனவனும் உண்டு. மூவருக்கும் ஒரே தண்டனை என்பது நேர்மைபோலத் தோன்றும். நமக்கோ அது சோம்பலாகத் தோன்றுகின்றது. வீட்டுக்கு அரிசி வாங்கப் போனவனை ஒழுக்கங் கெட்டவன் என்று பத்துப் பேர் முன்னிலையில் நிறுத்திவைத்தால், அவன் அடுத்த வருடம் பந்தையும் தொடான். சிலவேளை புத்தகத்தையும் தொடான்.

அடிப்பதைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிக் கல்வியமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்துவிட்டது. எனினும், பிரம்பு போன இடத்தில் "மைதானத்தைச் சுற்றி இருபது தடவை ஓடு" என்பது வந்து குந்திக்கொண்டது. இது நமக்கு அச்சந் தருகின்றது. 2018இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில், பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்துக்கு உள்ளான பத்தொன்பது வயது மாணவரொருவர் இரண்டு வாரங்களின் பின் இறந்தார். அவ்வாண்டு முடியுமுன்னர் தலைமைப் பயிற்றுநர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? 2024 மார்ச்சில் நமது அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலிலேயே பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய பதினாறு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நம் கரையோர வெயிலின் குணம் நாமறிந்ததே. உப்புக் காற்று வியர்வையை உலரவிடாது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிள்ளைகளை ஓடவிட்டு, தண்ணீர்ப் போத்தலைத் தமது கதிரைக்கு அடியில் வைத்துக்கொண்டிருப்பவரைக் கண்டால், வியூகம் பேசுவதை நிறுத்திவிட்டு, அந்தப் போத்தலைப் பற்றி உரக்கப் பேசும்படி இரசிகப் பெருமக்களை நாம் வேண்டிக்கொள்கின்றோம்.

ஒழுங்கு என்ற சொல் கீழே மட்டும் பாய்கின்ற நீர் போலாகிவிட்டது என்பதையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே உலகச் சம்மேளனம் இடைநிறுத்தி, அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில்தான் தடையை நீக்கிற்று. அந்த ஏழு மாதமும் சர்வதேச மைதானத்துக்குப் போகமுடியாது நின்ற இளைஞர்கள் எந்தப் பயிற்சிக்குப் பிந்தி வந்தார்கள்?

பயிற்றுநருக்கு நாம் கூறக்கூடியது சிறிது. பருவந் தொடங்குமுன் விதிகளை எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டிவிடலாம்: எத்தனை பயிற்சி தவறினால் எத்தனை ஆட்டம் இல்லை, எந்தக் காரணத்துக்கு விலக்கு உண்டு, யாரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று. நட்சத்திர வீரனுக்கும் அதே தாள். பதினைந்தாவது ஆளுக்கும் அதே தாள். ஆட்டத்தன்று காலையிலே தண்டனையைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் தேவை அப்பொழுது இராது.

இரசிகர்களுக்குக் கூறக்கூடியது இன்னுஞ் சிறிது. கரைவலைக்குப் போகும் பையனின் வாப்பாவுக்கு அந்த மாலை ஒரு சோடிக் கைகள் குறைகின்றன என்பதே உண்மைப் பிரச்சினையாயின், தேநீர்க் கடை வாங்கிலே எட்டுச் சோடிக் கைகள் வெறுமனே இருக்கின்றன. கடற்கரை அங்கிருந்து நடை தூரந்தான். பயிற்சி நாட்களில் அவர்களுள் இருவர் கயிற்றைப் பிடிக்கப் போகலாம்; எஞ்சிய அறுவர் வழக்கம்போல் விவாதத்தை நடத்திக்கொண்டிருக்கலாம்.