வீதியில் திரண்ட ஆதரவு வாக்குச்சாவடியில் கரைந்தது ஏன்?

புதுதில்லி: போராட்டக் களத்தில் பிறந்த சிறு கட்சிகளுக்கு மக்களவைத் தேர்தல் எத்தனை கடினமானது என்பதற்கு, 2014-இல் மும்பையில் ஆம் ஆத்மி கட்சி சந்தித்த தோல்வி தெளிவான சான்றாகும்.

ஊழல் எதிர்ப்பு இயக்கத்தின் தொடர்ச்சியாக 2012 நவம்பரில் தொடங்கப்பட்ட அக்கட்சி, 2013 டிசம்பரில் தில்லி சட்டப்பேரவையின் 70 இடங்களில் 28-ஐக் கைப்பற்றியது. அதே வேகத்தில், சில மாதங்களிலேயே வந்த மக்களவைத் தேர்தலில் 400-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் போட்டியிட்டது. வென்றது 4-இல் மட்டுமே. அவை அனைத்தும் பஞ்சாபில்.

தாராவி, மாதுங்கா, செம்பூர் என தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகளைக் கொண்ட மும்பை தென்மத்தியத் தொகுதியில் அக்கட்சியின் சுந்தர் பாலகிருஷ்ணன் 28 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளையே பெற்றார். வென்ற சிவசேனை வேட்பாளர் ராகுல் ஷெவாலேவுக்குக் கிடைத்தவை சுமார் 3.81 லட்சம்.

அடுத்துள்ள வடகிழக்குத் தொகுதியின் முடிவு இன்னும் வியப்பளித்தது. 2004-05-இல் மான்கூர்டு பகுதியில் குடிசைகள் இடிக்கப்பட்டது முதல் அம்மக்களுடன் நின்று போராடிய மேதா பட்கருக்குக் கிடைத்தவை சுமார் 76 ஆயிரம் வாக்குகளே. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைப் பெறாததால் அவர் டெபாசிட்டையும் இழந்தார்.

நாடெங்கும் வீசிய மோடி அலை மட்டுமே இதற்குக் காரணமன்று. குடிநீர் இணைப்பு, ரேஷன் அட்டை, குடியிருப்புச் சான்று ஆகியவற்றுக்காகக் குடிசைவாசி அன்றாடம் நாடுவது சிவசேனையின் கிளை அலுவலகத்தையோ, காங்கிரஸின் வட்டாரப் பிரமுகரையோதான். போராட்டத்துக்குத் தோள் கொடுப்பவர், வாக்களிக்கும்போது மறுநாள் யாரிடம் போய் நிற்பது என்றும் எண்ணிப் பார்க்கிறார்.

2024 தேர்தல் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்ட தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை எதிர்த்தும், 500 சதுர அடி வீடு கோரியும் குரல் கொடுத்த உத்தவ் தாக்கரே தரப்பு சிவசேனையின் அனில் தேசாய், தென்மத்தியத் தொகுதியில் 53 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் ஷெவாலேவைத் தோற்கடித்தார். குடிசைவாசிகளின் கோரிக்கை நாடாளுமன்றத்தை எட்டியது. ஆனால், வேரூன்றிய ஒரு கட்சியின் வழியாகவே எட்டியது.

ஆம் ஆத்மி கட்சியும் 2023 ஏப்ரலில் தேசியக் கட்சி அங்கீகாரம் பெற்றது, தில்லி, பஞ்சாப் என மாநிலம் மாநிலமாக வளர்ந்த பிறகே. கிளையும் ஊழியரும் இல்லாத இடத்தில், நியாயமான கோரிக்கைகூட வாக்காக மாறுவதில்லை என்பதே மும்பை தரும் பாடம்.